லிமா, மாலி, மாலே

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டால் தெருச் சத்தம் உள்ளே வராது. ஒரே ஓர் எழுத்தில் ஒரு கல்யாணம் போய்ச் சிக்கிக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன், நடுவில் விட்டுவிட மாட்டேன்.

பெங்களூரில் தொம்மலூர் இருக்கிறதே, அங்கே சொக்கநாதர் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒரு மாடி வீடு. அதில் வேதநாயகி, அவள் புருஷன் சுந்தரமூர்த்தி, ஒரே மகள் தர்ஷினி. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துச் சமாசாரம் இது. அப்போது விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. தலைக்கு மேலே விமானம் போனால் தெருவே பேச்சை நிறுத்தும். அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து எல்லோரும் தொடர்வார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

சுந்தரமூர்த்தி தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தர்ஷினி வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். காலையில் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் வீடு வேதநாயகிக்கு. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டாவது காப்பியை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருவாள். ஆரணியில் எட்டாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் அவள் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான்.

குறுக்கெழுத்தில் தெரிந்துகொள்வது ஒரு தினுசான படிப்பு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மங்கோலியாவின் தலைநகர் பெயர் தெரியும். மங்கோலியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. வேழம் என்றால் யானை, வேழம் என்றால் நாணலும்கூட. பாதரசம் உலோகம், ஆனால் ஓடும். இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தது. பொறுக்கியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் இல்லையா? சொல்லாமல் இருக்க முடியாத குணம் அவளுக்கு. குழம்பு ஊற்றும்போது சொல்லுவாள், துணி மடிக்கும்போது சொல்லுவாள், சுந்தரமூர்த்தி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் சொல்லுவாள்.

அதனால் ஒரு சம்பந்தம் கெட்டது.

போன வருஷம் தங்கவயலிலிருந்து தர்ஷினியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெருமையான மனுஷர். "எங்க வம்சத்துக்கே கண்ணு பெருசுங்க. என் பையனைப் பாருங்க, கண்ணாலயே பேசுவான்" என்றார். வேதநாயகி கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, கள்ளமில்லாமல், "நெருப்புக்கோழிக்கு மூளையைவிடக் கண்ணு பெருசாமே" என்றாள்.

அவள் அந்தப் பையனை நினைத்துச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் கட்டத்தில் அது வந்திருந்தது, வாயில் நின்றது, வந்துவிட்டது. அவர்கள் கேசரியைத் தொடாமல் கிளம்பிப் போனார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நெருப்புக்கோழி என்றால் "வாயை மூடு" என்று அர்த்தம்.

இப்போது கதையில் ஒரு எழுத்து நுழைய வேண்டும். கீழ்வீட்டில் ஃபாத்திமா இருந்தாள். வாணியம்பாடிக்காரி, ரவிக்கை தைப்பவள். தமிழ் நன்றாகப் படிப்பாள், உருதுவும் படிப்பாள். ஒருநாள் வேதநாயகி பேப்பரோடு கீழே இறங்கி வந்து, "இவங்க தப்பாப் போட்டிருக்காங்க ஃபாத்திமா" என்றாள்.

"என்ன தப்பு?"

"மண்ணால கட்டின பெரிய பள்ளிவாசல் இருக்கிற ஆப்பிரிக்க நாடு. ரெண்டெழுத்து. மேலயிருந்து வர்ற வார்த்தை வேலி, அதுல லி கிடைச்சிடுச்சு. இந்தாண்டை மாதுளை, அதுல மா. லிமான்னு வருது. லிமா பெரு நாட்டுத் தலைநகரு. ஆப்பிரிக்காவே கிடையாது. அங்க எதுக்குப் பள்ளிவாசல்?"

ஃபாத்திமா தையல் மிஷினை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். "அரே வேதாக்கா, கண்ணாடியத் தொடைச்சுக்கோ. வலமிருந்து இடம்னு போட்டிருக்கு பாரு. எங்க எழுத்து எப்படிப் போகும்? அந்த மாதிரி படி."

வேதநாயகி வலப்பக்கத்திலிருந்து படித்தாள். மா. லி.

"மாலியா? அப்படி ஒரு நாடா?"

"எங்க பாஷையில மாலின்னா தோட்டக்காரன். வேலி போட்டிருக்கான் இல்ல, அதான் தோட்டக்காரனும் வந்துட்டான்" என்று ஃபாத்திமா சிரித்தாள்.

மறுநாள் விடை வந்தது. மாலிதான். மாலே என்பது வேறு, அது மாலத்தீவின் தலைநகரம். அது வேதநாயகிக்கு முன்னமே தெரியும். இரண்டும் குழம்பாமல் இருக்க அவளாக ஒரு வழி செய்துகொண்டாள். லே என்றால் கடல், லி என்றால் மண். தப்பாகப் படித்துத் திருத்திக்கொண்டது அல்லவா, அது ஆணி அடித்த மாதிரி மனசில் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் மாலி எந்தக் கட்டத்தில் வந்தாலும் பழகின ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ஆனி மாசத்தில் ஓசூர் ரோட்டுச் சந்தாபுராவிலிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியது. பையன் பெயர் கிஷோர். தொலைபேசிக் கம்பெனிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுபவன். அப்பா இல்லை. அம்மா கனகவல்லிதான் வளர்த்தது. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு வருஷம் வெளிநாட்டு வேலை, பெண்ணையும் அழைத்துப் போகலாம். எந்த ஊர் என்று கேட்டதற்குத் தரகர், "மாலத்தீவு. ஹனிமூனுக்குன்னு காசு குடுத்துப் போவாங்க, இவங்களுக்குச் சம்பளம் குடுத்து அனுப்பறாங்க" என்றார். தர்ஷினியும் கிஷோரும் இரண்டு மூன்று முறை போனில் பேசினார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்கள், மனசு ஒத்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு.

அன்று காலையில் சுந்தரமூர்த்தி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "வேதா, இன்னைக்கு ஒரே ஒரு நாள். அவங்க என்ன சொன்னாலும் சிரி. காப்பி குடு. சும்னே வாயைத் தொறக்காம இரு."

"நான் என்ன, வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேனா?"

"இருக்க மாட்டே. பொண்ணுக்கு இருபத்தஞ்சு ஆவுது. இதுவும் போச்சுன்னா என்னைக் கேக்காதே. நெருப்புக்கோழி இந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது."

வேதநாயகிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். மகளுக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்று அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா?

மூன்று பேர் வந்தார்கள். கனகவல்லி, கிஷோர், அவன் தாய்மாமன் கோவிந்தன். மேம்பாலத்துக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்ததாம். கோவிந்தன் அதையே கொஞ்ச நேரம் பேசினார். கனகவல்லி நல்ல மாதிரியாக இருந்தாள். வந்ததும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, "அக்கா, உங்க வீட்டுல காத்து நல்லா வருது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். தர்ஷினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கோவிந்தன், "பெங்களூர்ல தெருவுக்கு நாலு தர்ஷினி இருக்கு, நின்னுக்கிட்டே இட்லி சாப்பிடறோம். எங்களுக்குக் கிடைச்சதுதான் உக்காந்து காப்பி குடிக்கற தர்ஷினி" என்றார். ஓட்டல் பெயரை வைத்துச் செய்த அந்தக் கேலிக்கு தர்ஷினியும் சிரித்தாள். நல்ல சகுனமாகத்தான் இருந்தது எல்லாம்.

"நான் சந்தாபுரா பூராவும் சொல்லிட்டேன்" என்றாள் கனகவல்லி. "சுத்திக் கடலாமே! திருவனந்தபுரத்துல ஏறினா ஒரு தூக்கம் போடறதுக்குள்ள போயிடலாமாம். ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி நான் போய்ட்டு வந்துடுவேன். இவங்கப்பா போனதுக்கு அப்புறம் எங்கயுமே போனதில்லக்கா நான். மாலே. பேரே அழகா இருக்கு இல்ல?"

கிஷோர் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுந்தரமூர்த்தி, "எப்ப தம்பி கிளம்பணும்?" என்றார்.

"கார்த்திகை வாக்குல சார். மாலியில ஆபீஸ் இப்பத்தான் தொறக்கறாங்க."

வேதநாயகியின் காது நின்றது. லி. அவன் லி என்றான்.

அவள் கையில் முறுக்குத் தட்டு. அதை வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. நாக்கு பிசகியிருக்கலாம். பிசகவில்லை என்றால்? தர்ஷினி கடலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம்தான் வெயிலுக்குத் தொப்பி வாங்கி, கண்ணாடி முன் வைத்துப் பார்த்தாள்.

கேட்கக் கூடாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. கட்டத்தில் பழகிய மனசு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது.

"தம்பி, நீங்க போற ஊருக்கு எத்தனை எழுத்து?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தியின் பார்வையில் நெருப்புக்கோழி முழுசாக நின்றது.

கோவிந்தன்தான் கைகொடுத்தார். "ஓ, நேமாலஜி பாப்பீங்களா? நல்லதுதான். எங்க பக்கத்து வீட்டுக்காரர் பேருல ஒரு எழுத்தைக் கூட்டிக்கிட்டாரு, மறுவாரமே வேன் வாங்கினாரு."

"மாலே. ரெண்டெழுத்துக்கா" என்றாள் கனகவல்லி.

கிஷோர் ஓசூரில் தமிழ் மீடியத்தில் படித்த பையன். வேதநாயகியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "நாலு" என்றான்.

"மாலே எப்படிடா நாலு?" என்றார் மாமன்.

"இங்கிலீஷ்ல எண்ணினேன் மாமா."

போச்சு. ப, மா, க், கோ என்று அவன் மடக்கியிருந்தால் மாலியின் தலைநகர் பமாக்கோ, நாலெழுத்து. ஆனால் இங்கிலீஷில் மாலேவும் நாலெழுத்து, மாலியும் நாலெழுத்து. இத்தனை சாமர்த்தியமாகக் கேட்டும் விடை தேறவில்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று. அது போகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. போனதும் கோவிந்தன் வேன் கதையைத் தொடர்ந்தார்.

கேசரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கிஷோர் பின்பக்கக் குழாய்க்கு வந்தான். வேதநாயகி துண்டோடு அங்கே நின்றாள்.

"கடல் இருக்கா தம்பி, நீங்க போற ஊர்ல?"

அவன் குழாயை மூட மறந்து நின்றான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "ஆறு இருக்குங்க அத்தை" என்றான்.

"நைஜர் ஆறு."

"உங்களுக்கு எப்படி..."

"பேப்பர்ல கட்டம் போடுவேன். அது கிடக்கட்டும். ஏன் தம்பி?"

"நான் பொய் சொல்லல அத்தை. மாலின்னுதான் அம்மாகிட்ட சொன்னேன். அவங்களுக்கு மாலத்தீவுன்னு காதுல விழுந்துச்சு. அன்னிக்கு அவங்க சிரிச்சாங்க பாருங்க, அப்பா போனதுலருந்து அந்த மாதிரி சிரிச்சதில்ல. திருத்தலாம்னு வாய் எடுக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லிட்டாங்க. ஆப்பிரிக்கான்னா அனுப்பவே மாட்டாங்க."

"தர்ஷினிகிட்ட?"

"அவங்க போன்ல பீச் இருக்கும் இல்லியான்னு கேட்டாங்க." அவன் குரல் இறங்கிவிட்டது. "ம்னு சொன்னேன்."

"ம்?"

"ம்தான். வேற ஒண்ணும் சொல்லல."

வேதநாயகிக்கு அந்தப் பையனைப் பார்த்துக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. துண்டைக் கொடுத்தாள். "தம்பி, ம் ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்க. கட்டத்துல ம்முக்கும் ஒரு முழுக் கட்டம் குடுப்பாங்க. போய்ச் சொல்லிடுங்க."

"தட்டு மாத்தினதுக்கப்புறம் மெதுவா..."

"மாத்தினதுக்கப்புறம் சொன்னா அதுக்குப் பேரு சொல்றது இல்ல."

அவன் உள்ளே போனான். அவள் சமையல்கட்டில் வெற்றிலைத் தட்டை எடுத்துக் காத்திருந்தாள். காது கூடத்தில் இருந்தது. கோவிந்தன் பேசினார், சுந்தரமூர்த்தி பேசினார், கனகவல்லி சிரித்தாள். கிஷோரின் குரல் மட்டும் வரவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தாள். இன்னொன்றைத் துடைத்தாள்.

சுந்தரமூர்த்தி உள்ளே வந்தார். "என்ன பண்றே? தட்டு எங்க? அவங்க நல்ல நேரம் பாக்கறாங்க."

"ஏங்க, அது லே இல்ல. லி."

"என்னது?"

"லே இல்லீங்க..."

"வேதா, உன் காலைத் தொட்டுக் கும்புடறேன். நெருப்புக்கோழி வேணாம்." அவர் உண்மையாகவே கையைக் குவித்துவிட்டுப் போய்விட்டார்.

தட்டை மேடையில் வைத்தாள். பேசினால் இந்தச் சம்பந்தமும் அவள் வாயால் கெட்டது என்று ஆகும். பேசாவிட்டால் மகள் ஒரு ஊருக்கென்று கிளம்பி வேறொரு ஊரில் போய் இறங்குவாள். அவருக்குக் கொடுத்த வார்த்தை கூடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது. அறைக்குள் இருக்கும் மகளிடம் பேசக் கூடாது என்று யாரும் வார்த்தை வாங்கவில்லை.

தர்ஷினி அறையில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேதநாயகி கதவைச் சாத்தினாள்.

"அது மாலத்தீவு இல்லடி. மாலி."

"அம்மா, ப்ளீஸ். இப்பப் போய்க் குறுக்கெழுத்தா?"

"ஆப்பிரிக்காவுல இருக்கு. கடலே இல்லாத நாடு. பாதி பாலைவனம். அந்தப் பையனே கொல்லைப்பக்கம் என்கிட்ட ஒத்துக்கிட்டான். அம்மாவுக்குப் பயந்து சொல்லாம இருக்கான்."

தர்ஷினி கட்டிலில் உட்கார்ந்தாள். வேதநாயகி அவள் தலையில் கை வைக்கப் போனாள். அதற்குள் தர்ஷினி எழுந்து, கதவைத் திறந்துகொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள்.

"கிஷோர், மாலியா, மாலேயா?"

கோவிந்தன் வாயில் இருந்த முறுக்கு நின்றது. கிஷோரும் எழுந்து நின்றான். அவனுடைய அம்மாவைப் பார்த்தான், பிறகு தர்ஷினியைப் பார்த்தான்.

"மாலி" என்றான். "ஆப்பிரிக்கா. அம்மா, மாலத்தீவு இல்லம்மா. நான் அப்பவே திருத்தியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

கனகவல்லிக்குப் புரிய நேரம் ஆயிற்று. "கடல்?"

"இல்லம்மா."

"திருவனந்தபுரத்துல ஏறினா..."

"இல்லம்மா. மும்பை போயி, பாரிஸ் போயி, அங்கயிருந்து."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊரைக் கூட்டிச் சொன்னேனேடா. ஒருத்தியா வளர்த்தவளுக்கு ஒரு ஊர்ப் பேரைச் சரியாச் சொல்ல உனக்கு வாய் வரலையா?" என்றாள். அப்புறம் வேதநாயகி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னமே தெரியுமா? அதான் எத்தனை எழுத்துன்னு கேட்டீங்களா? எங்களை வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

"வேடிக்கை இல்லீங்க. எனக்கு அப்பச் சரியாத் தெரியல. அதான் கேட்டேன்."

"அப்ப இப்பச் சொல்லுங்க. என்ன இருக்கு அந்த ஊர்ல?"

சுந்தரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். வேதநாயகி அவரைப் பார்த்தாள், பிறகு கனகவல்லிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தலைநகர் பமாக்கோ. பாலைவனத்துல உப்பை வெட்டி ஒட்டகத்துல ஏத்திக்கிட்டு வருவாங்க. மண்ணால கட்டின ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கு. ஒரு ஆறு இருக்கு."

"நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்றார் கோவிந்தன்.

"அது கட்டத்துல கேக்கலைங்க."

"அரிசி கிடைக்குமா?"

"அதுவும் கேக்கல."

"ஜுரம் கிரம்னு வந்தா ஆஸ்பத்திரி?" இது கனகவல்லி.

வேதநாயகி கையை விரித்தாள். "தெரியலம்மா. எனக்கு அவ்வளவுதான் தெரியும். கட்டத்துல பேரு மட்டுந்தான் கேப்பாங்க. மனுஷங்க அங்க எப்படி இருக்காங்கன்னு கேக்க மாட்டாங்க."

கனகவல்லி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஆறு பெருசா?" என்றாள் கடைசியில்.

"ரொம்பப் பெருசு. பல நாடு தாண்டி ஓடுதாம்."

"தண்ணி ஓடுற ஊருதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கினாள். தட்டு சமையல்கட்டிலேயே இருந்தது.

"மாலின்னு நான் கூடத்துல வாயைத் தொறக்கவே இல்ல" என்றாள் வேதநாயகி.

"தொறக்கல. ஆனா கோழி எப்படியோ வந்துடுச்சு" என்றார் சுந்தரமூர்த்தி. அவருக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. தர்ஷினி தொப்பியை எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

அந்த வாரம் வேதநாயகி பேப்பரைப் பிரிக்கவில்லை. ஃபாத்திமா மேலே வந்து பார்த்தாள். "என்னக்கா, கட்டமெல்லாம் பட்டினி கிடக்குது?"

"வேணாம் ஃபாத்திமா. அரைகுறையாத் தெரிஞ்சிக்கிட்டு, ஒரு பொம்பளை சிரிப்பைக் கெடுத்துட்டேன். என் பொண்ணுக்கும் கெடுத்துட்டேன்."

"நீ கெடுக்கல. தப்பாப் படிச்சிக்கிட்டு இருந்தாங்க, திருப்பிப் படிக்கச் சொன்னே. நீ இதே மாதிரி ஒரு எழுத்துல ஏமாந்திருந்தா, நான் சொல்லாம விடுவேனா?" என்று சொல்லிவிட்டு, அன்றைய பேப்பரை மடியில் வைத்துவிட்டு ஃபாத்திமா இறங்கிப் போனாள்.

வேதநாயகி அதைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான் சந்தாபுராவுலருந்து கனகவல்லி." வேறு எதுவும் விசாரிக்காமல், "பேப்பர் வாங்கினேன்" என்றாள்.

"சொல்லுங்கம்மா."

"என் பையன் போற ஊரைப் பத்தி உங்களுக்கு நாலு விஷயம் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல. ராத்திரியெல்லாம் அதுதான் உறுத்துச்சு. கட்டத்துல வந்தா நானும் பாக்கலாம்னு வாங்கினேன். இன்னைக்கு அதைப் பத்தி ஒண்ணும் வரல. ஆனா இங்க 'பாம்பின் பகை'ன்னு நாலெழுத்து போட்டிருக்கு. கீழயிருந்து மேல. கீரின்னா ரெண்டுதானே வருது?"

வேதநாயகி பேப்பரைப் பிரித்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். "கருடன் போட்டுப் பாருங்க."

பென்சில் உரசும் சத்தம் போனில் கேட்டது. "க, ரு, ட, ன். அட, உக்காருது!" என்றாள் கனகவல்லி. அவள் சிரித்தது இந்த முனையில் கேட்டது.

அவள் மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். தெரியாததைக் கிஷோர் தன் ஆபீசில் கேட்டுச் சொல்ல ஆரம்பித்தான். அரிசி அங்கே விளைகிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது, கொசுவுக்கு மாத்திரை சாப்பிட வேண்டும். நம்ம ஆட்கள் கொஞ்சம் பேர் கடை வைத்திருக்கிறார்கள். அவன் அம்மாவிடம் சொல்லுவான், அவள் வேதநாயகியிடம் சொல்லுவாள், வேதநாயகி மகள் காதில் விழுகிற மாதிரி சமையல்கட்டில் உரக்கச் சொல்லுவாள்.

தர்ஷினி அவனை ஒருநாள் சாயங்காலம் ஏர்போர்ட் ரோடு ஓட்டலில் நின்றுகொண்டே காப்பி குடிக்க வரச் சொல்லிச் சந்தித்தாள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து, அம்மா எதிரில் உட்கார்ந்து, "சரின்னு சொல்லிடும்மா" என்றாள்.

"கடல் இல்லடி."

"கடலுக்கு மகாபலிபுரம் போறேன். எல்லார் எதிர்லயும் கேட்டப்ப அந்த ஆள் சுத்தி வளைக்கல. தப்பு என்னுதுன்னான். அது போதும். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே என்கிட்ட ம்னு சொல்லக் கூடாது. 'ஆமாம்', இல்லாட்டி 'இல்லை'. ரெண்டுல ஒண்ணு."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"ம்னான்" என்று தர்ஷினி சிரித்தாள். "அப்புறம் அவனே ஆமாம்னான்."

ஐப்பசியில் தட்டு மாற்றிக்கொண்டு, அதே மாசக் கடைசியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் அம்மாவையும் பையனின் அம்மாவையும் காணோம் என்று தேடினார்கள். இரண்டு பேரும் சமையல்காரர் வாங்கி வைத்திருந்த பேப்பரோடு மண்டபத்துப் பின்பக்கம் இருந்தார்கள். கோவிந்தன்தான் கண்டுபிடித்துச் சத்தம் போட்டு அழைத்து வந்தார்.

கிஷோர் முதலில் போனான். பொங்கல் கழித்து தர்ஷினி போனாள். போன் வருகிற நாளில் கனகவல்லி சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்துத் தொம்மலூருக்கே வந்துவிடுவாள். இரண்டு அம்மாக்களும் ஒரே போனில் காதை வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

ஒருநாள் தர்ஷினி, "அம்மா, ஜென்னேன்னு ஒரு ஊருக்குப் போனோம். உங்க மண் பள்ளிவாசல் அங்கதான் இருக்கு. நேர்ல பாத்தேன்!" என்றாள்.

"ஜென்னே. மூணெழுத்து" என்றாள் கனகவல்லி உடனே.

"எப்படி இருக்கு அது?" என்றாள் வேதநாயகி. பேரோடு நிற்காமல் அவள் கேட்ட கேள்வி அது.

"பெருசும்மா. வருஷா வருஷம் ஊரே கூடிச் சேறு பூசுமாம். சின்னப் பசங்க எல்லாம் சேத்துல குதிப்பாங்களாம். அப்புறம் இதைக் கேளு. கோபுரம் கோபுரமா நிக்குது இல்ல, அது ஒவ்வொண்ணுக்கும் உச்சியில என்ன வெச்சிருக்காங்க தெரியுமா? நெருப்புக்கோழி முட்டை!"

வேதநாயகி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். சுந்தரமூர்த்தி அந்தப் பக்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "வேணாம். சொல்லாதே" என்றார்.

சொன்னாள். அவர் பொத்தானை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே விமானம் ஒன்று போயிற்று. அது போன பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்க, கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டில் போன் மணி நல்ல சேதிக்கே அடிக்கட்டும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிற ஊரைச் சரியாகச் சொல்லட்டும், கேட்கிற காதுக்கு அது சரியாக விழட்டும். உங்கள் அடுப்படியில் தண்ணீரும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். ம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.